முகவரி முதலில், காத்திருப்புப் பட்டியல் அதற்கும் முதலில்: அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பள்ளி, டேகேர் வழிகாட்டி

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. டேகேரில் இடம் கிடைப்பது எவ்வளவு முன்னதாகப் பெயர் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஊரிலிருந்தே பள்ளிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். முகவரி கையில் இல்லாதவரை பள்ளி ஒன்றும் செய்ய முடியாது. டேகேரை மட்டும் "போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வேலையில் சேரவேண்டிய வாரத்தில் எங்கும் இடம் இருப்பதில்லை. கைக்குழந்தையோ இரண்டு வயதுப் பிள்ளையோ இருந்தால், விசா முத்திரை விழுந்த அன்றே டேகேர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு: காகிதங்களைச் சரிசெய்வது.

கிண்டர்கார்டன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, நன்கொடை கிடையாது, சிபாரிசு தேவையில்லை. எச்-4, எல்-2, எஃப்-2, ஜே-2 என எந்தச் சார்பு விசாவில் வந்த பிள்ளையும் சேரலாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது 1982இல் உச்ச நீதிமன்றம் பிளைலர் எதிர் டோ வழக்கில் சொன்ன தீர்ப்பு. சேர்க்கைப் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு இடம் இருந்தால் காலியாக விடலாம். எச்-4 பிள்ளைக்கு அந்த எண் கிடைக்காது, அது இல்லாததால் சேர்க்கை நிற்காது. கவனிக்க வேண்டியவை இரண்டு. பி-2 சுற்றுலா விசாவில் வந்த பிள்ளை பள்ளியில் படிக்க விசா விதி அனுமதிப்பதில்லை. பிள்ளையே தன் பெயரில் எஃப்-1 விசா எடுத்து வந்தால் அரசுத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் சேர முடியாது. உயர்நிலைப் பள்ளியில் முழுச் செலவையும் கட்டி, மொத்தம் 12 மாதம் மட்டுமே படிக்கலாம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனை வழியாக வாங்கிய சான்றிதழ் பலவற்றில் பிள்ளையின் பெயர் இருப்பதில்லை. பிறந்த 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். இங்கே வந்த பிறகு அதைச் செய்வது பெரும்பாடு. பெயர் எழுதும் முறையும் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். தடுப்பூசி அட்டையில் "எஸ். கவின்", பாஸ்போர்ட்டில் "கவின் சுந்தரம்", மாற்றுச் சான்றிதழில் வெறும் "கவின்" என்று இருந்தால், மூன்றும் ஒரே பிள்ளைதானா என்று அலுவலகம் கேட்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றி வாங்குங்கள். கூப்பிடும் பெயரை எழுதப் பள்ளிப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு.

அடுத்தது தடுப்பூசி. சேர்க்கை தள்ளிப்போவதற்கு இதுதான் முதல் காரணம், அதனால் விரிவாகவே சொல்கிறோம். குழந்தை மருத்துவரிடம் எல்லாத் தடுப்பூசியையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில், தேதியோடு, கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05/08/2021 என்று எழுதினால் நமக்கு ஆகஸ்ட் 5, இங்கே மே 8. இரண்டு ஊசிக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி கணக்கில் தவறிப்போகும்.

ஊரில் எல்லாம் போட்டாகிவிட்டது என்றாலும் இங்கே சில கணக்கில் வராது. தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டிருந்தால்தான் செல்லும். இந்தியாவில் முதல் தவணை 9 மாதத்திலேயே போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை, இங்கே கேட்பது மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர்., இரண்டு தவணை. 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தை அமெரிக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது இருவகைக் கிருமிக்கு மட்டுமானது என்பதால். தனியார் மருத்துவமனையில் ஊசியாகப் போட்ட போலியோ செல்லும். சின்னம்மை ஊசி இந்திய அரசின் பட்டியலிலேயே இல்லை. இங்கே பெரும்பாலும் இரண்டு தவணை கேட்பார்கள். கிண்டர்கார்டன் பிள்ளைக்குப் பொதுவாகக் கேட்கும் மற்றவை: தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவானுக்கான டிடிஏபி 5 (நான்காவது, நான்கு வயதுக்குப் பிறகு போட்டிருந்தால் 4 போதும்), போலியோ 4 (மூன்றாவது, நான்கு வயதுக்குப் பிறகு, முந்தையதிலிருந்து 6 மாதம் கழித்துப் போட்டிருந்தால் 3 போதும்), ஹெபடைடிஸ்-பி 3. ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பல மாநிலங்களில் அதே நோய்களுக்கான பெரிய பிள்ளைகளின் ஊசியான டிடேப் வேண்டும். விடுபட்டதை ஊரிலேயே போட்டுக்கொண்டால் செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு. எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும் என்பதால் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

காசநோய்ச் சோதனை சில பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கட்டாயம். நம் பிள்ளைகளுக்கு பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் தோல் சோதனை, நோய்த்தொற்றே இல்லாமல் வீங்கிக் காட்டலாம். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடும். பிசிஜி போட்ட பிள்ளை என்று சொல்லி, முதலிலேயே ரத்தச் சோதனை கேளுங்கள்.

கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டையும் மாற்றுச் சான்றிதழும் எடுத்து வாருங்கள். 9ஆம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த பிள்ளை என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டச் சுருக்கத்தையும் பள்ளி முத்திரையோடு வாங்குங்கள். இங்கே 9 முதல் 12 வரையிலான பாடங்களை கிரெடிட்டாக எண்ணித்தான் பள்ளி முடித்த சான்றிதழ் தருகிறார்கள். ஊரில் படித்த இயற்பியலையும் கணிதத்தையும் பள்ளி ஆலோசகர் கிரெடிட்டாக ஏற்க அந்தத் தாள்கள்தான் ஆதாரம். தமிழைப் பாடமாகப் படித்திருந்தால் அதையும் உலக மொழி கிரெடிட்டாக ஏற்பார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

வீடு பிடிக்கும் முன்

ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் தளத்திலும் முகவரியைக் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று காட்டும் வசதி உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கதவு எண்ணோடு அதில் போட்டுப் பாருங்கள். வாடகைத் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை நம்பவேண்டாம். எல்லை சாலையின் நடுவே ஓடும், எதிர்ச்சாரி வேறு பள்ளிக்குப் போகும். பிறகு மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி? வரும் கல்வியாண்டில் எல்லை மாறப்போகிறதா? என் பிள்ளையின் வகுப்பில் இப்போது இடம் இருக்கிறதா? மூன்றாவதைத்தான் எல்லோரும் கேட்காமல் விடுகிறார்கள். வேகமாக வளரும் புறநகர்களில் வகுப்பு நிரம்பிவிட்டால் அதே மாவட்டத்தின் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பள்ளிக்காகவே கூடுதல் வாடகை கொடுத்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை என்று காட்டும் மதிப்பீடுகளில் தேர்வு மதிப்பெண்ணுக்குத்தான் அதிக எடை. 7க்கும் 9க்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாதம் பல நூறு டாலர் கூடுதல் வாடகை கொடுப்பது எங்கள் பார்வையில் வீண். அந்த வயதுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் தனி ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறாரா, பள்ளி முடிந்ததும் அதே வளாகத்தில் பிள்ளையை வைத்துக்கொள்கிறார்களா, நடந்து போகும் தூரமா என்பவை அதிக முக்கியம். சார்ட்டர் பள்ளிகளும் அரசுப் பணத்தில் இலவசமாக நடப்பவையே. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பெரும்பாலும் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் முதல் ஆண்டில் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

நிறுவனம் கொடுத்த தற்காலிகக் குடியிருப்பிலோ நண்பர் வீட்டிலோ தங்கியிருந்தாலும் பிள்ளையைச் சேர்க்கலாம். நண்பர் வீடு என்றால் வீட்டுக்காரரும் நீங்களும் கையெழுத்திடும் வசிப்பிட உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கும். நோட்டரி கேட்கலாம், வீட்டுக்காரரின் மின் கட்டண ரசீதும் வேண்டும். சொந்த ஒப்பந்தம் கிடைத்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேறு எல்லையில் உள்ள முகவரியைப் பொய்யாகக் கொடுக்கவே கூடாது. மாவட்டங்கள் சோதிக்கின்றன, கண்டுபிடித்தால் ஆண்டின் நடுவிலேயே பிள்ளையை மாற்றுவார்கள்.

சேர்க்கை நாள்

வகுப்பை முடிவுசெய்வது பெரும்பாலும் வயது. கலிபோர்னியா, டெக்சாஸ், ஜார்ஜியாவில் செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது முடிந்தால் கிண்டர்கார்டன். வாஷிங்டனில் ஆகஸ்ட் 31. நியூ ஜெர்சியில் பொதுவாக அக்டோபர் 1. நியூயார்க் நகரில் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் ஐந்து முடிந்தால் போதும். ஊரில் ஒன்றாம் வகுப்பு தொடங்கிய ஐந்தரை வயதுப் பிள்ளையை இங்கே கிண்டர்கார்டனில் போடுவதைப் பார்த்துப் பெற்றோர் கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம்; இங்கே அந்த வகுப்பு முழுக்க அதே வயதுப் பிள்ளைகள். ஏப்ரலில் வந்தால் இன்னொரு குழப்பம்: ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இங்கே ஐந்தாம் வகுப்பின் கடைசி இரண்டு மாதத்தில் உட்கார்ந்துவிட்டு, ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஆறுக்குப் போகும். அந்த இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள். நண்பர்கள் கிடைப்பதும், ஆங்கில உச்சரிப்பு காதுக்குப் பழகுவதும் அப்போதுதான் நடக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், பெற்றோர் அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், மின்சாரம் அல்லது இணைய ரசீது ஒன்றிரண்டு, தடுப்பூசித் தாள், மதிப்பெண் அட்டை. நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் மருத்துவப் பரிசோதனைப் படிவமும் உண்டு. இல்லினாயில் பல், கண் பரிசோதனையும் கேட்பார்கள். புதிய நோயாளிக்குக் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். வந்த முதல் வாரமே பதிவுசெய்யுங்கள், அவசரமென்றால் முன்பதிவில்லாமல் போகக்கூடிய அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் செய்துகொள்ளலாம். காப்பீடு இன்னும் தொடங்கவில்லை என்றால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) சுகாதார அலுவலகத்தைக் கேளுங்கள். காப்பீடு இல்லாத 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கூட்டாட்சி அரசின் திட்டத்தில் தடுப்பூசி மருந்து இலவசம். ஓரிரு ஊசி குறைந்தால் சேர்க்கவே மாட்டேன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை, தற்காலிகச் சேர்க்கை உண்டு. நியூ ஜெர்சியில் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு 30 நாள் வரை அவகாசம் தரலாம். "தற்காலிகமாகச் சேர்க்க முடியுமா" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வார்கள்.

படிவக் கட்டில் வீட்டு மொழி பற்றிய ஒரு தாள் இருக்கும். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் எது என்று கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து பலர் ஆங்கிலம் என்று எழுதுகிறார்கள். உள்ளதை எழுதுங்கள். தமிழ் என்றால் ஆங்கிலத் திறனைப் பார்க்க ஒரு சோதனை வைப்பார்கள். பல மாநிலங்களில் அதன் பெயர் விடா, கலிபோர்னியாவில் எல்பேக். தேறிவிட்டால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் வழக்கமான வகுப்போடு கூடுதல் ஆங்கில உதவி இலவசமாகக் கிடைக்கும். அந்த உதவி வேண்டாம் என்று பிறகு எழுதிக் கொடுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. சில மாதம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது இயல்பு. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

பேச்சுத் தாமதம், ஆட்டிசம், கற்றல் சிரமம் என்று ஏதேனும் சந்தேகம் இருந்தால் மறைக்காதீர்கள். மூன்று வயதுக்குள் என்றால் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் திட்டம். நீங்களே தொலைபேசியில் அழைக்கலாம், மருத்துவர் கடிதம் தேவையில்லை. அழைத்து 45 நாளுக்குள் மதிப்பீடு முடித்துத் திட்டக் கூட்டம் நடத்தவேண்டும். மூன்று வயதுக்கு மேல் பொறுப்பு பள்ளி மாவட்டத்துடையது, பிள்ளை இன்னும் பள்ளியில் சேராவிட்டாலும்கூட. "என் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்கு மதிப்பிடும்படி கேட்கிறேன்" என்று தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கெடு ஓடத் தொடங்காது. நீங்கள் ஒப்புதல் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாள் என்பது கூட்டாட்சி விதி, மாநிலம் தன் கெடுவை வைத்திருந்தால் அது. இந்த மதிப்பீடுகள் இலவசம்.

டேகேர்

முதலில் இலவசமாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் செப்டம்பர் 1க்குள் நான்கு முடிந்த எல்லாப் பிள்ளைக்கும் 2025-26 முதல் அரசுப் பள்ளியில் டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் (கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டு) உண்டு. ஜார்ஜியா, ஓக்லஹோமா மாநிலங்களிலும் நியூயார்க் நகரிலும் நான்கு வயதுக்கு இலவச ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) உண்டு. டெக்சாஸில் எல்லோருக்கும் கிடையாது. ஆனால் ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத நான்கு வயதுப் பிள்ளைக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் தகுதி உண்டு. தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை வைத்துக்கொண்டு இது தெரியாமல் பணம் கட்டுபவர்கள் பலர்.

கட்டணம் கட்டும் இடங்களில் இரு வகை: டேகேர் மையம், உரிமம் பெற்றவர் தன் வீட்டிலேயே நடத்தும் சிறிய டேகேர். கைக்குழந்தைக்கு பாஸ்டன், சியாட்டில், சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிகளில் மாதம் 2,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். வயது ஏற ஏறக் குறையும், ஒரு ஆசிரியர் கூடுதல் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதால். சைல்ட்கேர்.கவ் என்ற அரசுத் தளத்தில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தால் உரிமம் பெற்ற இடங்களின் பட்டியலுக்கும் ஆய்வு அறிக்கைகளுக்கும் போகலாம். அறிக்கைகளைக் கட்டாயம் படியுங்கள். காகிதம் புதுப்பிக்காத குறை ஒன்று; பிள்ளையைக் கவனிக்க ஆள் இல்லாமல் விட்ட குறை முற்றிலும் வேறு. இரண்டாம் வகை ஒருமுறை இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

ஐந்தாறு இடங்களில் பெயர் கொடுங்கள். பதிவுக் கட்டணம் திரும்ப வராது. எனவே கட்டும் முன், எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள், எந்த மாதம் இடம் வரக்கூடும் என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுதி நினைவுபடுத்துங்கள். திடீரென ஓர் இடம் காலியானால் உடனே பதில் சொல்பவருக்கே அது போகும். ஊரில் இருந்தபடியே பெயர் கொடுத்தவர்கள், வீடியோ அழைப்பில் வகுப்பறையைக் காட்டச் சொல்லலாம்.

நேரில் பார்க்கும்போது சுவர் அலங்காரத்தை விடுங்கள், தலையை எண்ணுங்கள். கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சியில் கைக்குழந்தை அறையில் நாலு பிள்ளைக்கு ஒருவர் இருக்கவேண்டும். காலை வேளையில் கணக்குச் சரியாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கு, ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில், ஒருமுறை போய்ப் பாருங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்திருக்கிறார்களா, தொட்டிலில் போர்வையும் தலையணையும் இல்லாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். இந்த அறையின் ஆசிரியர் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ஓயாமல் ஆள் மாறும் இடத்தில் மொழி தெரியாத பிள்ளை பழகவே முடியாது.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியவை: விடுமுறை நாளுக்கும் நீங்கள் ஊருக்குப் போன வாரத்துக்கும் கட்டணம் உண்டா (பெரும்பாலும் உண்டு), விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு (இரண்டு வாரம் முதல் ஒரு மாதம்), மாலை தாமதமானால் நிமிடத்துக்கு எவ்வளவு. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் ஆனால் உடனே அழைத்துப்போகச் சொல்வார்கள். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாவிட்டால்தான் திரும்ப எடுப்பார்கள். முதல் குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும், யார் விடுப்பு எடுப்பது என்று கணவனும் மனைவியும் முன்பே பேசிவையுங்கள். பல ப்ரீஸ்கூல்களில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும். ஊட்டிவிட மாட்டார்கள், ஒரு மாதம் முன்பே தானாகச் சாப்பிடப் பழக்குங்கள். சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். மார்ஷ்மெலோவிலும் ஜெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். தண்ணி, பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா வருவாங்க எனப் பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில், பொருளோடு எழுதி ஆசிரியரிடம் கொடுத்தால் முதல் வார அழுகை பாதி குறையும்.

எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை இல்லாத அக்கம்பக்கத்துப் பெண்ணிடம் காசு கொடுத்துப் பிள்ளையை விடுவது நம் குடியிருப்புகளில் சாதாரணமாக நடக்கிறது. அது அனுமதியில்லாத வேலை. அவருடைய விசா நிலையையே அது பாதிக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டுக்கு ஆள் வைத்தால் நீங்களே முதலாளி: 2025இல் ஒருவருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கட்டவேண்டும்.

வேலையில் சேர்ந்ததும் டிபென்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. (பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். 2026 முதல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 7,500 டாலர் வரை வரிக்கு முன்பே ஒதுக்கலாம். சேர்வதற்கான கெடு பெரும்பாலும் வேலையில் சேர்ந்த 30 நாள்தான். ஆனால் கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கவேண்டும், அல்லது ஒருவர் வேலை தேடவோ முழுநேரம் படிக்கவோ வேண்டும்.

பள்ளி தொடங்கிய பிறகு

தொடக்கப் பள்ளி பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கே முடிந்துவிடும். பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. பள்ளிச் சேர்க்கை நாளிலேயே அதையும் கொடுங்கள். கோடை விடுமுறை சுமார் பத்து வாரம். கோடை முகாம்களுக்கான பதிவு ஜனவரியிலேயே தொடங்கும், நகராட்சிப் பூங்காத் துறை நடத்துபவையும் ஒய்.எம்.சி.ஏ. முகாம்களும் விலை குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். மேரிலாண்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டில் தனியாக விடுவது சட்டப்படி குற்றம். உங்கள் மாநில விதி என்ன என்று பாருங்கள்.

பிள்ளையை அழைத்துப்போகும் உரிமை படிவத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே. தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்கள் பெயரைச் சேர்த்து, பாஸ்போர்ட்டோடு அனுப்புங்கள். இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை எதையும் பையில் போட்டு அனுப்பக்கூடாது. மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தோடு செவிலியரிடம் கொடுக்கவேண்டும்.

ஊருக்குப் போகும் பயணத்தைப் பள்ளி நாட்காட்டியோடு பொருத்திப் போடுங்கள். காரணமில்லாமல் மூன்று முழுநாள் வராவிட்டாலே கலிபோர்னியாவில் பிள்ளை ட்ரூயன்ட் (காரணமின்றிப் பள்ளிக்கு வராதவர்) பட்டியலில் வரும். டெக்சாஸில் 90 சதவீத வருகை இல்லாவிட்டால் அந்த வகுப்புக்கான கிரெடிட் சிக்கலாகும். நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரைப் பள்ளி நீக்கிவிடலாம். திரும்பி வரும்போது அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் வேறு பள்ளிதான். கலிபோர்னியப் பள்ளிகள் பலவற்றில் பயண நாட்களுக்கு இன்டிபென்டன்ட் ஸ்டடி ஒப்பந்தம் போட்டு வீட்டுப்பாடம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கிளம்பும் முன்பே கையெழுத்திட்டுவிடுங்கள். எனவே விமானச் சீட்டு எடுக்கும் முன் பள்ளி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.